துரை கொடுத்த வெள்ளி

எங்கள் குடும்பத்தில் தேநீர் குடிக்கும் வழக்கம் இருந்ததில்லை. கிணத்துக்கடவுக்குக் கிழக்கே எட்டு ஏக்கர் காட்டை நம்பியிருந்த குடும்பம் அது. விருந்தாளி வந்தால் காப்பி. மற்ற நேரங்களில் மோரோ நீராகாரமோதான். ஆனால் அப்பாருவின் கண்ணாடி அலமாரியில் ஒரு டீ செட் இருந்தது. மூடி போட்ட கெண்டி, பால் குவளை, சர்க்கரைக் கிண்ணம், சர்க்கரைக் கட்டியை எடுக்கும் இடுக்கி, இவை அனைத்தையும் ஏந்திக்கொள்ளும் கைப்பிடி வைத்த பெரிய தட்டு. அதில் யாரும் ஒரு மடக்குத் தேநீர் ஊற்றிக் குடித்து நான் பார்த்ததில்லை. வருடத்துக்கு இரண்டு முறை, பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும், அப்பத்தா அதை வெளியே எடுத்துப் புளியும் விபூதியும் வைத்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி மறுபடி உள்ளே வைப்பார். ‘துரை கொடுத்த வெள்ளி’ என்பது அதன் பெயர்.

அப்பாரு 1950களில் ஒரு லாரி வைத்திருந்தார். பொள்ளாச்சியிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைத் தோட்டங்களுக்கு அரிசியும் உரமும் கொண்டுபோய்ச் சேர்ப்பார். சுதந்திரம் வந்ததும் துரைமார்கள் மூட்டை கட்டிவிடவில்லை. ஆனைமலையிலும் நீலகிரியிலும் பலர் மேலும் பல ஆண்டுகள் இருந்தார்கள். 1973ல் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, ஆங்கிலக் கம்பெனிகளின் பங்குகள் இந்தியர் கைக்கு மாறத் தொடங்கிய பிறகுதான் மிச்சமிருந்தவர்களும் கிளம்பினார்கள். போகிறவர்கள் எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றிச் செல்ல முடியாது. நாற்காலிகள், கிராமபோன் பெட்டிகள், பீங்கான் தட்டுகள், இப்படிப்பட்ட டீ செட்கள் எல்லாம் ஏலத்துக்கு வந்தன; சமையற்காரருக்கும் கணக்குப்பிள்ளைக்கும் வெகுமதியாகப் போயின. சில லாரிக்காரர்களின் பாக்கிக்கு ஈடாகவும் போயிருக்கும். எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதை அப்பாரு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார். துரை கொடுத்தார் என்பது மட்டும் மாறாது.

1992ல் அப்பாரு காலமானார். அடுத்த வருடம் பாகம் பிரிந்தபோது அந்த டீ செட் அத்தைக்குப் போயிற்று. அதன் பிறகு நான் அதை மறந்துவிட்டேன்.

*

2025ல் வெள்ளி விலை கிலோ ஒரு லட்ச ரூபாயைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது பலருக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில் ஒரு காலை அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். எழுபத்தெட்டு வயது. பழைய வேட்டித் துணியில் சுற்றி, உரச்சாக்கில் போட்டு, இரண்டு பேருந்து மாறி அதைச் சுமந்து வந்திருந்தார்.

“ஏங்கண்ணு, டிவியில வெள்ளி வெல லட்சத்தத் தாண்டிப் போச்சுங்கறாங்க. பேத்திக்குக் காலேஜுப் பணம் கட்டோணும். நீ முலாம் வேலையில இருந்தவன், உனக்குத் தெரியும். எங்க கொண்டுபோனா ஏமாத்தாம எடுப்பாங்கன்னு பாத்துச் சொல்லு.”

“பாக்கறேனுங்க அத்தை. மொதல்ல காப்பி குடிங்க.”

நான் இருபத்தாறு வருடம் கோவையில் ஒரு சிறிய மின்முலாம் பட்டறையில் வேலை பார்த்தவன். மோட்டார், பம்பு உதிரிகளுக்கு நிக்கலும் குரோமியமும் பூசுவது எங்கள் தொழில். பூச்சின் கனத்தை அளந்து சீட்டில் எழுதுவது என் பொறுப்பு. எனவே அத்தை சரியான ஆளிடம்தான் வந்திருந்தார். பிரித்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டேன். பொருளைச் சோதிப்பதற்கு அத்தனை நேரம் வேண்டியதில்லை. சொல்வதற்குத்தான் வேண்டியிருந்தது.

கெண்டியைக் கவிழ்த்தால் அடியில் நான்கு சின்னக் கேடயங்கள் வரிசையாகப் பொறித்திருக்கும். அவற்றினுள் பழைய பாணி ஆங்கில எழுத்துகள்: ஈ, பி, என், எஸ். மின்முலாம் பூசிய நிக்கல் சில்வர் என்பதன் முதலெழுத்துகள். நிக்கல் சில்வரில் வெள்ளி ஒரு குன்றிமணியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்த உலோகம் அது. இன்று நவராத்திரிக் கொலுவில் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுக்கிறார்களே, ஜெர்மன் சில்வர் கிண்ணங்கள், அதே உலோகம்தான். பெயரில் மட்டுமே வெள்ளி.

அசல் ஆங்கில வெள்ளிப் பாத்திரமாக இருந்தால் அதே இடத்தில் நடக்கும் சிங்கம் ஒன்று இருக்கும், நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி என்பதற்கான முத்திரை. கூடவே ஊர் முத்திரை: லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு 1974 வரை கிரீடம். பிறகு வருடத்தைக் குறிக்கும் எழுத்து, செய்தவரின் முதலெழுத்துகள். முலாம் பாத்திரம் செய்தவர்கள் தங்கள் எழுத்துகளையும் அதேபோல் தனித்தனிக் கேடயங்களில் வரிசையாகப் பொறித்தார்கள். பொய் எதுவும் எழுதவில்லை. படிக்கத் தெரிந்தவனுக்கு உண்மை; தெரியாதவனுக்கு வெள்ளி முத்திரை. அத்தை ஐந்தாவது வரை படித்தவர், அதுவும் தமிழில்.

முத்திரை தேய்ந்திருந்தாலும் வேறு வழிகள் உண்டு. பாத்திரத்தின் மேடான இடங்களைப் பார்க்க வேண்டும்: கைப்பிடியின் வளைவு, மூக்கின் நுனி, தட்டின் விளிம்பு. பூச்சு அங்கேதான் முதலில் தேயும். அடியில் மஞ்சள் சாயல் தெரிந்தால் நிக்கல் சில்வர். செம்மை தெரிந்தால் செம்பு. மங்கிய சாம்பல் என்றால் பிரிட்டானியா உலோகம், அதாவது ஈயத்தைச் சேர்க்காமல் வெள்ளீயத்தில் ஆன்டிமனியும் சிறிது செம்பும் கலந்தது. எங்கள் கெண்டியின் வயிற்றில் அப்பத்தாவின் கட்டைவிரல் அழுந்தித் தேய்த்த இடம் முழுவதும் மஞ்சள் ஓடியிருந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை புளியும் விபூதியும் படப்படப் பூச்சு கரைந்துபோயிருக்கிறது. அவர் அத்தனை அக்கறையாகத் துலக்கியிருக்காவிட்டால் இன்னும் அது வெள்ளியாகத் தோன்றியிருக்கும்.

காந்தத்தை வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. பயனில்லை. வெள்ளியும் ஒட்டாது, நிக்கல் சில்வரும் ஒட்டாது. கறுப்பதை வைத்தும் சொல்ல முடியாது. கறுப்பது மேற்பரப்பில் இருக்கும் வெள்ளிதான். பூச்சானாலும் அதே கறுப்புத்தான். கையில் தூக்கிப் பார்க்கும் கனமும் ஏமாற்றும். அதனால் இடுக்கியை மட்டும் தனியே எடுத்து எடை போட்டேன்: 42 கிராம். நூலில் கட்டித் தண்ணீரில் அமிழ்த்தியபோது 37.2 காட்டியது. குறைந்தது 4.8 கிராம். 42ஐ அதனால் வகுத்தால் 8.75. வெள்ளியாக இருந்தால் பத்தரைக்கு அருகில் வந்திருக்க வேண்டும். ஆர்க்கிமிடீஸ் கிரீடத்தைச் சோதித்த கதையை எட்டாம் வகுப்பில் நாம் எல்லோரும் படித்ததுதான். சொந்த அத்தையின் பொருளுக்கு அதைச் செய்ய நேரும் என்று அப்போது யார் நினைத்தோம்?

*

முலாம் என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1740களில் ஷெஃபீல்டில் தாமஸ் போல்சோவர் என்பவர், செம்புத் தகட்டின் மேல் வெள்ளித் தகட்டை வைத்துச் சூடாக்கினால் இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொள்வதையும், பிறகு தட்டி நீட்டினால் சேர்ந்தே நீள்வதையும் கண்டார். பழைய ஷெஃபீல்டு தகடு என்று இன்று சேகரிப்பவர்கள் தேடுவது அதைத்தான். நூறு ஆண்டுகள் அதன் ராஜ்ஜியம். 1840ல் பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பத்தார் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். சயனைடு கரைசலில் வெள்ளியைக் கரைத்து, மின்சாரம் பாய்ச்சி, பாத்திரத்தின் மேல் படியவைக்கும் முறை. பிரபுக்களின் மேசையில் இருந்த பொருள் அதன் பிறகு குமாஸ்தாவின் மேசைக்கும், அங்கிருந்து மலைத்தோட்டத்து பங்களாவுக்கும் வந்தது. அத்தொழிலின் விஞ்ஞானத்துக்கு நம் ஊரிலேயே ஓர் இருப்பிடம் உண்டு. அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கரும் பதினைந்து லட்ச ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடியில் அமைந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், 1953ல் திறக்கப்பட்டது. எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களின் பல சந்தேகங்களுக்கு விடை அங்கிருந்து வெளிவந்த குறிப்புகளில்தான் கிடைத்தது.

நம்மவர்களும் பூச்சு தெரியாதவர்கள் அல்லர். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அந்தப் பூச்சு உள்பக்கம் இருக்கும், புளிக்குழம்பு களிம்பேறாமல் இருப்பதற்காக. அது உண்பவரைக் காப்பது. முலாம் வெளிப்பக்கம் இருப்பது. அது பார்ப்பவருக்கானது.

சரி, மதிப்பு என்ன? ஒரு கணக்குப் போட்டேன். கெண்டியின் வெளிப்பரப்பு சுமார் 700 சதுர சென்டிமீட்டர். கிண்ணம் 350, குவளை 300, தட்டின் இரு பக்கமும் சேர்த்து 2,700. ஆக ஏறத்தாழ 4,050. நல்ல தடிமனான பூச்சு என்றே வைத்து 20 மைக்ரான் என்று கொண்டால் எட்டு கன சென்டிமீட்டர் வெள்ளி, அதாவது சுமார் 85 கிராம். அதுவும் புதிதாகக் கடையில் இருந்த நாளில். மொத்த எடை 2 கிலோ 750 கிராம். நூற்றில் மூன்று பங்கு. தேய்ந்தது போக மிஞ்சியதை அமிலத்தில் கரைத்து மீட்கும் செலவுக்கு அந்த வெள்ளி கட்டாது. பெரிய கடை வீதியிலோ ராஜ வீதியிலோ எந்த வெள்ளிக் கடைக்காரரும் இதைத் தராசில் ஏற்றமாட்டார். பழைய பாத்திரக் கடைக்காரர் எடுத்தால் பித்தளைக் கணக்கில் எடுப்பார்.

பழம்பொருளாக என்றால் கணக்கு வேறு. அங்கே உலோகத்தைவிடப் பெயருக்கும் வடிவத்துக்கும் விலை. கிறிஸ்டோபர் டிரெஸ்ஸர் என்ற வடிவமைப்பாளர் ஜேம்ஸ் டிக்சன் போன்ற நிறுவனங்களுக்காக 1880ஐ ஒட்டி வரைந்து கொடுத்த கெண்டிகள் முலாம் பூசியவைதான். ஆனால் அசல் வெள்ளிக் கெண்டிகளைவிடப் பல மடங்கு விலை போகின்றன. எல்கிங்டன் பாத்திரமானால் வருட எழுத்து பார்த்துக் காலம் சொல்லலாம். சென்னையில் 1849ல் தொடங்கிய பி. ஆர் அண்ட் சன்ஸ், தெய்வ உருவங்கள் புடைத்து நிற்கும் ‘சுவாமி’ வேலைப்பாட்டு வெள்ளிக்குப் பேர்போனது. அது முலாம் அல்ல, வெள்ளியேதான். ஒரு வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் உருக்கக் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் கெண்டியிலோ செய்தவர் பெயர் இல்லை. ஒரு மாதிரி எண்ணும், மேட் இன் இங்கிலாந்து என்ற வாசகமும் மட்டுமே. அந்த வாசகமே அது இருபதாம் நூற்றாண்டுப் பொருள் என்று சொல்லிவிடும். மூடியின் கீல் தளர்ந்திருந்தது, தட்டில் ஒரு நெளிசல். இப்படிப்பட்ட செட்கள் இங்கிலாந்திலேயே மலிவாகக் கிடைக்கின்றன. உணவகம் வைப்பவரோ, சினிமாவுக்குச் சாமான் வாடகைக்கு விடுபவரோ எடுத்தால் ஐந்தாறாயிரம் கிடைக்கலாம் என்று எனக்குப் பட்டது.

பேத்தியின் கல்லூரிக்கு அத்தை மனத்தில் வைத்திருந்தது மூன்று லட்சம்.

*

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். தட்டைக் கவிழ்த்துப் பார்த்தபோது, கால் ஒன்றின் உட்புறத்தில், வெளியே தெரியாத இடத்தில், அரத்தால் இழுத்த ஒரு சின்னக் கீறல் இருந்தது. வெள்ளியைச் சோதிப்பவர்கள் செய்வது அது. பூச்சு தாண்டும் வரை அரத்தால் கீறி ஒரு சொட்டு அமிலம் விடுவார்கள். அடியில் செம்புக் கலப்பு இருந்தால் பச்சையாகப் பொங்கும். கீறலுக்குள்ளே பழைய பச்சை உறைந்து கறுத்திருந்தது. யாரோ எப்போதோ இதைச் சோதித்திருக்கிறார்கள். யாருக்கோ தெரிந்திருக்கிறது.

பீரோவிலிருந்து அப்பாவின் பத்திரக் கட்டை எடுத்தேன். 1993ல் பதிவான விடுதலைப் பத்திரம். 1989ல் தமிழ்நாட்டில் பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு தரும் சட்டம் வந்தது. ஆனால் அதற்கு முன்பே திருமணமானவர்களுக்கு அது பொருந்தாது. அத்தைக்கு 1968லேயே திருமணம். ஆனாலும் 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த அப்பாருவின் பாதியில் மகளுக்கும் பங்கு உண்டு. அப்பத்தா முன்பே போய்விட்டதால் எட்டு ஏக்கரில் இரண்டு ஏக்கர் அத்தைக்குச் சேர வேண்டியது. அதை விட்டுக்கொடுத்து அவர் கையெழுத்திட்ட பத்திரம் அது. ‘ரொக்கம் ரூபாய் பத்தாயிரமும், வெள்ளி டீ செட் ஒன்று எடை 2 கிலோ 750 கிராமும் பெற்றுக்கொண்டபடியால்’ என்று மூன்றாவது பக்கத்தில் இருந்தது.

எடை சரியாக இருந்தது. என் தராசிலும் அதே எடைதான். வெள்ளி என்ற ஒரு சொல்தான் தவறு.

என் அப்பாவுக்குத் தெரியுமா? அந்தக் கீறலை இட்டது யார்? துரையின் காலத்தில் ஏதாவது அடகுக் கடையில் விழுந்ததா, அப்பாரு லாரிக்கு டயர் வாங்க ஒருமுறை அடமானத்துக்குக் கொண்டுபோனாரா, அல்லது பத்திரம் எழுதுவதற்கு முந்தைய வாரம் அப்பா பையில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனாரா? பூச்சின் கனத்தை மைக்ரான் கணக்கில் சொல்லத் தெரிந்த எனக்கு அந்தக் கீறலின் வயதைச் சொல்ல வழியில்லை. அப்பா இறந்து பதினோரு வருடமாகிறது. எங்களுக்குப் பொய் சொல்லக்கூடாது என்று கற்பித்தவர். கணக்கில் ஒரு ரூபாய் கூடினாலும் கடைக்குத் திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். இரண்டும் எனக்குத் தெரியும். இரண்டும் எதையும் நிரூபிப்பதில்லை என்பதும் தெரியும்.

அவரைக் குற்றவாளியாக்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்றும் யோசித்தேன். “கொஞ்சம் கனம் கொறச்சுப் பூசிக்குடுங்க, யாரு அளக்கப் போறாங்க” என்று சொன்ன வாடிக்கையாளர்களின் சீட்டில் எத்தனை முறை கையெழுத்திட்டிருக்கிறேன்! வெளியே பளபளப்பு ஒன்றுதான். அதைவிட முக்கியமாக, நான் இப்போது உட்கார்ந்திருந்த வீடு, அந்தக் காட்டில் என் பங்கு நான்கு ஏக்கரின் வருமானத்தில் கட்டிய வீடு.

*

மறுநாள் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்தைக் காட்டினேன், மஞ்சளைக் காட்டினேன். அவர் நம்பவில்லை.

“கறுக்குது பாரு கண்ணு. வெள்ளின்னாத்தான கறுக்கும்?”

“மேல இருக்கறது வெள்ளிதானுங்க அத்தை. அதுதான் கறுக்குது. உள்ள இல்லீங்க.”

சற்று நேரம் கெண்டியின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு கீறலையும் காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம் என்று என் மனைவி பின்னால் சொன்னாள். அத்தை கண்ணாடியை உயர்த்திக்கொண்டு நெடுநேரம் அதையே பார்த்தார்.

“எங்கண்ணன் அப்பிடிச் செய்ய மாட்டான்” என்றார். சற்றுக் கழித்து, “செஞ்சிருந்தா எங்கிட்டக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாச் சும்மாவே எழுதிக் குடுத்திருப்பேன்” என்றார். அவ்வளவுதான். அழவில்லை. அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு ஊருக்குக் கிளம்பினார். “இத நீயே வெச்சுக்கோ. இனிமே என்னால தூக்கிட்டுப் போக முடியாது.”

இரண்டு ஏக்கரில் என் பொறுப்பு ஒரு ஏக்கர். இன்னொன்று என் தம்பியுடையது. அவனிடம் பேசினேன். பதிவான பத்திரம், முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது, சட்டப்படி முடிந்த விஷயம் என்றான். அவன் சொல்வது சட்டப்படி சரிதான். செத்துப்போன அப்பாவைத் திருடன் என்று ஊர் சொல்ல வேண்டுமா என்றும் கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்பா திருடன் என்று நான் நினைக்கவில்லை. ஒரு தவறான எடை போடப்பட்டிருக்கிறது. யார் போட்டார்கள் என்று தெரியாமலும் அதைச் சரிசெய்யலாம் என்றே நினைக்கிறேன். அதன் பின் அவன் என்னோடு பேசுவதில்லை. பேத்திக்கு முதல் வருடக் கட்டணத்தை நான் கட்டிவிட்டேன். அது தனி.

சென்ற வாரம் பத்திரம் எழுதுபவரைப் பார்த்துவிட்டு வந்தேன். என் பங்கிலிருந்து ஒரு ஏக்கர், அத்தையின் பெயருக்கு. அவர் கணினியில் ஏற்கெனவே ஒரு மாதிரி வைத்திருந்தார். பெயர்களையும் புல எண்ணையும் மட்டும் மாற்றி, படித்துக் காட்டினார். ‘தங்கள் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்’ என்று வந்த இடத்தில் நிறுத்தி, காரணம் வேறு ஏதாவது போட வேண்டுமா என்று கேட்டார். பாக்கி என்று போடலாமா என்றேன். அப்படிப் போட்டால் கிரயமாகிவிடும், தானமாகாது, பதிவில் சிக்கல் வரும் என்றார். யோசித்துப் பார்த்தேன். பழைய பத்திரத்தில் வெள்ளி என்ற சொல் இருந்த இடத்தில் இந்தப் பத்திரத்தில் அன்பு என்ற சொல் இருக்கப் போகிறது. அதன் அடியில் இருக்கும் உலோகம் எது என்று எனக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும்.

அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் புதன்கிழமை பதிவு. அத்தையைக் கூட்டிவர விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும்.